'நாயகன்' தாராவி எங்கே இருந்துச்சு தெரியுமா?

'நாயகன்' படத்தில் வரும் தாராவியின் பெரும்பகுதி மும்பையிலேயே இல்லை. சென்னை வீனஸ் ஸ்டூடியோவில் போட்ட செட் அது! தாராவியில் ஷூட்டிங் நடந்தது சில நாள்கள்தான். அசலையும் செட்டையும் எங்கே ஒட்டினார்கள் என்றே கண்டுபிடிக்க முடியாமல் செய்தவர், கலை இயக்குநர் தோட்டா தரணி.

பிளைவுட்டில் சுவர் எழுப்புவது பெரிய விஷயமில்லை. நேற்று எழுப்பிய சுவரில் பல வருஷத்து அழுக்கையும் ஈரக்கறையையும் கொண்டுவரணும், அங்கேதான் தலைவலி. 'இது செட்டுப்பா' என்று ஒரு நொடி தோன்றினாலும் வேலு நாயக்கரை யாரும் நம்பமாட்டார்கள். 1987-க்கான தேசிய விருது கமல், பி.சி.ஸ்ரீராமோடு தரணிக்கும் கிடைத்தது. 'இந்தியன்' (1996) அவருக்கு இன்னொரு தேசிய விருதைத் தந்தது. 2001-ல் பத்மஸ்ரீ.

அப்பா தோட்டா வெங்கடேஸ்வர ராவும் கலை இயக்குநர்தான். தரணி ஓவியரும்கூட.

'சிவாஜி' கண்ணாடி மாளிகையைப் பார்த்து 'செட் செம்ம' என்றவர்கள், தாராவி சந்துகளைப் பார்த்து அப்படிச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அதுதான் தோல்வி! 'நாயகன்' வந்து 35 வருஷம் கழித்து, அதே மணிரத்னத்துக்காக 'பொன்னியின் செல்வன்' சோழ அரண்மனைகளையும் எழுப்பினார் தரணி.