என்ஜின் நின்றால் விமானம் விழுமா?

"சார், மேலே போனதும் என்ஜின் நின்னுட்டா பிளேன் கல்லு மாதிரி விழுந்துடுமா?" விசைகள் பாடம் நடத்தும்போது எழும் கேள்வி இது. விழாது, சறுக்கிக்கொண்டு இறங்கும் என்பதே பதில்.

விமானத்தைத் தாங்குவது என்ஜின் அல்ல, இறக்கையின் மீது ஓடும் காற்று. என்ஜின் நின்றதும் விமானி மூக்கைத் தாழ்த்தினால், உயரம் வேகமாக மாறும். நிலை ஆற்றல் இயக்க ஆற்றலாவதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நான்கு பேர் அமரும் செஸ்னா 172 விமானம் ஒரு மீட்டர் இறங்குவதற்குள் ஏறத்தாழ 9 மீட்டர் முன்னே சென்றுவிடும்.

ஆனால் தரையைவிட்டுக் கிளம்பிய சில நொடிகளில் நின்றால்தான் சிக்கல். உயரம் இல்லை, வேகமும் குறைவு, மூக்கோ மேல்நோக்கி இருக்கிறது. அப்படியே விட்டால் வேகம் குறைந்து, தாக்குக் கோணம் மிகுந்து, காற்று இறக்கையைவிட்டுப் பிரிந்துவிடும். இதையே 'ஸ்டால்' என்கிறார்கள். தரை அருகில் தெரியும்போது மூக்கைத் தரையை நோக்கித் தள்ளக் கை வராது. பயிற்சி தேவைப்படுவது அதற்குத்தான்.

திரும்பி ஓடுபாதைக்கே வந்துவிடலாமே? பதினொன்றாம் வகுப்பு மாணவர்களைக் கணக்கிடச் சொல்லலாம். மணிக்கு 120 கி.மீ. வேகம், 30 பாகை சாய்வு என்றால் வட்டத்தின் ஆரம் சுமார் 200 மீட்டர். அரை வட்டம் முடிக்க 19 நொடி ஆகும். முடித்த பிறகும் ஓடுபாதை 400 மீட்டர் பக்கவாட்டில் இருக்கும்! 150 மீட்டர் உயரத்தில் தொடங்கியிருந்தால் பாதி உயரம் இந்தத் திருப்பத்திலேயே கரைந்திருக்கும். இன்னும் சாய்த்துத் திருப்பினாலோ ஸ்டால் ஆகும் வேகம் உயர்கிறது. 45 பாகையில் ஏறத்தாழ 19 விழுக்காடு. அதனால்தான், உயரம் போதாதபோது நேர் எதிரே தென்படும் வெட்டவெளியில் இறங்கும்படி பயிற்சியில் சொல்லித்தருகிறார்கள்.

2015 மார்ச் 5 அன்று நடிகர் ஹாரிசன் ஃபோர்டுக்கு இதுதான் நேர்ந்தது. அமெரிக்காவின் சாண்டா மோனிகா விமான நிலையத்திலிருந்து, 1942இல் தயாரான ரயன் பி.டி.-22 பயிற்சி விமானத்தில் தனியாகக் கிளம்பினார். சற்று நேரத்தில் என்ஜின் வலுவிழந்தது. திரும்ப முயன்றார், எட்டாது எனத் தெரிந்ததும் அருகிலிருந்த கோல்ஃப் மைதானத்தை நோக்கி இறக்கினார். மர உச்சியில் உரசி விழுந்து பலத்த காயமடைந்தாலும் உயிர் தப்பினார். விசாரணையில் தெரிந்த காரணம் மிகச் சிறியது: கார்புரேட்டருக்குள் எரிபொருளை அளந்துவிடும் ஒரு துளைத்திருகு கழன்றிருந்தது. அளவுக்கு மீறி எரிபொருள் பாய்ந்து என்ஜின் வலுவிழந்திருக்கிறது.

வகுப்பில் இதைக் காட்டக் காகித விமானமே போதும். ஒருமுறை மூக்கைத் தூக்கி மெதுவாக விடச் சொல்லுங்கள்; தயங்கி நின்று 'பொத்'தென விழும். மூக்கில் ஒரு கிளிப் மாட்டி, சற்றே கீழ்நோக்கி விடச் சொல்லுங்கள். பறந்த தூரத்தைக் கைவிட்ட உயரத்தால் வகுத்து, எந்தக் குழுவுக்கு 9 வருகிறது என்று பார்க்கலாம்.