காய்கறித் தோட்டத்தில் வளர்ந்த பந்தயக் குதிரை

வேல்ஸ் நாட்டின் பழைய சுரங்க ஊர் ஒன்றில், மதுக்கூடத்தில் வேலை பார்த்த ஜேன் வோக்ஸ், பந்தயக் குட்டி ஈன வைக்க 350 பவுண்டுக்கு ஒரு பெண் குதிரையை வாங்கினார். உயர்ரகப் பந்தயக் குதிரைகளுக்குச் செயற்கைக் கருவூட்டல் செல்லாது. பொலிகுதிரையிடம் நேரில் கொண்டுபோக வேண்டும். பிறகு பதினோரு மாதச் சினை.

2001-இல் ஆண் குட்டி பிறந்தது. பெயர் ட்ரீம் அலையன்ஸ். காய்கறி பயிரிடும் துண்டு நிலத்தில்தான் வளர்ந்தது. பராமரிப்புச் செலவுக்கு ஊர்க்காரர்கள் கூட்டுச் சேர்ந்து ஆளுக்கு வாரம் 10 பவுண்டு போட்டார்கள். பிலிப் ஹாப்ஸ் அதைப் பந்தயத்துக்குப் பயிற்றுவித்தார்.

2008-இல் பந்தய ஓட்டத்தின்போது அதன் முன்னங்கால் தசைநாண் கிழிந்தது. இத்தகைய காயம் பல குதிரைகளின் ஓட்டத்தையே முடித்துவிடும். உரிமையாளர்களோ குதிரையைக் கைவிடவில்லை. அது பந்தயங்களில் சம்பாதித்த பணத்தை அதன் சிகிச்சைக்கே செலவிட்டார்கள். பாராட்டத் தக்க முடிவு! குருத்தணு (ஸ்டெம் செல்) சிகிச்சை பலித்தது. 2009 டிசம்பரில் செப்ஸ்டோ திடலில் நடந்த வெல்ஷ் நேஷனல் பந்தயத்தில் ட்ரீம் அலையன்ஸ் முதலாவதாக வந்தது.