குப்பை லோரி தோட்டத்துக்குள் ஏன் வருவதில்லை?

சென்ற மாதம் சிலாங்கூரில் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தோம். சம்பள நிலுவை பற்றிப் பேசுவதற்காகக் கூட்டிய கூட்டம். மாரியம்மன் கோயில் மண்டபத்தில் நாற்பது பேர் இருப்பார்கள். நாம் வாயைத் திறப்பதற்குள் பின்னால் இருந்து ஒரு பாட்டியம்மா எழுந்துவிட்டார்.

"தம்பி, நிலுவைய அப்புறம் பேசலாம். மொதல்ல இந்த நாத்தத்துக்கு ஒரு வழி சொல்லுங்க. எம் பேரப்புள்ள டிங்கிக் காய்ச்சல்ல ஒரு வாரம் ஆஸ்பத்திரியில கெடந்துட்டு இப்பத்தான் வந்திருக்கு."

கூட்டத்தை அப்படியே நிறுத்தி, எல்லோரும் லயத்தின் பின்பக்கம் போய்ப் பார்த்தோம். முன்பு குப்பை புதைக்க வெட்டிய குழி நிரம்பி, மேடாகி, கால்வாய் வரைக்கும் சரிந்து கிடக்கிறது. பிளாஸ்டிக் பைகள், தேங்காய் மட்டை, உடைந்த குளிர்பெட்டி, பழைய டயர். டயர்களில் மழைத் தண்ணீர். பாதிக் குப்பை நம்முடையதே அல்ல. இரவு நேரத்தில் வெளியூர் லோரி வந்து, வீடு இடித்த கல்லையும் பலகையையும் கொட்டிவிட்டுப் போகிறதாம். கொட்ட வருகிற லோரிக்குத் தோட்டத்து கேட் திறந்திருக்கிறது. அள்ள வருகிற லோரி மட்டும் எதிரே இருக்கும் தாமானோடு திரும்பிவிடுகிறது.

அங்கே வாரம் மூன்று நாள் குப்பை எடுக்கிறார்கள். இங்கே முன்பு தோட்டத்து டிராக்டர் எடுத்தது. லயம் கூட்ட ஓர் ஆளும் இருந்தார். நிலத்தில் பாதியை வீடு கட்ட விற்ற பிறகு டிராக்டரும் போயிற்று, ஆளும் போனார். மீதியில் குத்தகைக்காரர் செம்பனைக் குலை வெட்டுகிறார். லயத்தில் நம் பழைய குடும்பங்களும் வங்காளதேசத் தொழிலாளர்களுமாக முப்பது வீடுகள் உள்ளன.

கமிட்டித் தலைவர் மானேஜரிடம் கேட்டிருக்கிறார். "நிலம் கைமாறிவிட்டது, நகராண்மைக் கழகத்தைக் கேள்" என்றாராம். கழகத்துக்குப் போனால், "அது தனியார் நிலம், உள்ளே வர எங்களுக்கு அதிகாரமில்லை" என்றார்களாம். இரண்டு பதிலும் வாய்வார்த்தை. ஒருவரும் எழுதிக் கொடுக்கவில்லை.

தோட்டத்தின் பெயரையோ கழகத்தின் பெயரையோ இங்கே போடவில்லை. போட்டால் நாளைக்கே "வீட்டைக் காலி பண்ணு" என்று அந்தப் பாட்டியம்மாவிடம்தான் கடிதம் நீட்டுவார்கள். இது நமக்குத் தெரியாததா?

"தனியார் நிலம்" என்ற பேச்சை நாம் பிறந்த நாள் முதல் கேட்டு வருகிறோம். ரோடு கேட்டாலும் அதே பதில், விளக்கு கேட்டாலும் அதே பதில். ஆனால் குப்பை விஷயத்தில் இது முழுப் பதிலாகாது. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தின் 80ஆவது பிரிவு, பொதுமக்களுக்குத் தொல்லை தரும் எதையும், அது பொது இடத்தில் இருந்தாலும் தனியார் இடத்தில் இருந்தாலும், அகற்ற நடவடிக்கை எடுக்க வேண்டியது ஊராட்சி மன்றமே என்கிறது. தினமும் லோரி விட வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை, உண்மைதான். ஆனால் கொசு வளர்க்கும் குப்பைமேட்டை எடு என்று நிலச் சொந்தக்காரருக்கு நோட்டீஸ் கொடுக்கக் கழகத்துக்கு அதிகாரமுண்டு.

முதலாளியும் தப்ப முடியாது. தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது 446ஆம் எண் சட்டம், தோட்டத்து வீடுகளை நல்ல நிலையில் வைத்திருக்கும் பொறுப்பை வீடு கொடுத்த முதலாளி தலையில்தான் வைக்கிறது. 2019இல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் முதல் மற்றத் தொழில்களுக்கும் அது விரிந்தது. இதைக் கவனிப்பது தொழிலாளர் இலாகா. குலை வெட்டுகிறவர் ஒருவர் லயத்தில் இருந்தாலும் அங்கே போய்க் கேட்கலாம்.

இன்னொரு விஷயம் நம் மனத்தை அறுக்கிறது. கோலாலம்பூர்க் குப்பை 2005 முதல் எங்கே போகிறது? உலு சிலாங்கூரில் புக்கிட் தாகாருக்கு. செம்பனை நின்ற மண். பட்டணத்துக் குப்பையைப் புதைக்கத் தோட்டத்து நிலம் கிடைக்கிறது. பட்டணத்துத் தெருவைக் கூட்டியதும் நம் பாட்டன்மார்தான். கோலாலம்பூரில் 1890இல் சுகாதார வாரியம் ஏற்பட்ட நாளிலிருந்து துடைப்பம் பிடித்த கைகளில் தமிழன் கை எத்தனை!

கழகத்தை மிரட்ட நம்மிடம் ஓட்டும் இல்லை. ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தப்பட்டன. தேர்தல் மீண்டும் வேண்டும் என்று சொன்ன அரச விசாரணைக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் நம்மவரான ஆதி நாகப்பன். 1968இல் அறிக்கை கொடுத்தார்கள், அரசாங்கம் ஏற்கவில்லை. இன்றைக்கும் கழக உறுப்பினர்களை மாநில அரசுதான் நியமிக்கிறது. ஆகவே நம் கையில் மிஞ்சியிருப்பது காகிதம்.

அன்றிரவே மண்டபத்தில் உட்கார்ந்து, இடைநிலைப் பள்ளியில் படிக்கும் ஒரு பெண்பிள்ளையை வைத்து மலாயில் ஒரே கடிதம் எழுதினோம். கழகத் தலைவருக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் முகவரி போட்டு, தொழிலாளர் இலாகாவுக்கும் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் நகல். ஒரே கடிதத்தில் இருவர் பெயரும் இருந்தால், ஒருவரைக் காட்டி மற்றவர் நழுவ முடியாது. குழியின் படம், தேதி, குழந்தை ஆஸ்பத்திரியில் இருந்த நாட்கள், முப்பது வீட்டுக்காரர் கையெழுத்து. வங்காளதேசப் பையன்கள் முதலில் பயந்தார்கள். பிறகு பதினோரு பேர் போட்டார்கள். முதலில் வந்து போட்டது பாட்டியம்மாவின் கைநாட்டு.

சுகாதார அலுவலகத்தைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. 1975ஆம் ஆண்டின் நோய்ப்பூச்சி ஒழிப்புச் சட்டப்படி அவர்கள் எந்த வளாகத்துக்குள்ளும் நுழைந்து சோதிக்கலாம். ஆனால் ஜாக்கிரதை! உங்கள் வீட்டு வாளியில் கொசுப்புழு இருந்தால் 500 ரிங்கிட் வரை அபராதம் உங்களுக்கே வரும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். கடிதம் போடுமுன் வாளியையும் பழைய பால் மங்கையும் கவிழ்த்து வையுங்கள். கவிழ்க்காமல் போட்டு மாட்டிக்கொண்டவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

கடிதத்தை நேரில் கொடுத்து, நகலில் 'தெரிமா' முத்திரை வாங்கிக்கொண்டோம். பதினெட்டு நாளாகிறது. சுகாதார ஆட்கள் இருவர் வந்து குழியைப் படமெடுத்து, மருந்து அடித்துவிட்டுப் போனார்கள். மானேஜர் பாட்டியம்மாவைக் கூப்பிட்டு, "ஏன் என்னிடம் முதலில் சொல்லவில்லை?" என்று கேட்டாராம். லோரி இன்னும் வரவில்லை.

வரும் ஞாயிறு மாலை 5 மணிக்கு அதே மண்டபத்தில் மறுபடி கூடுகிறோம். பக்கத்துத் தோட்டத்தாரும் வரலாம். வரும்போது உங்கள் லயத்துக் குப்பையின் படத்தையும், கடைசியாக எந்தத் தேதியில் எடுத்தார்கள் என்ற குறிப்பையும் கொண்டு வாருங்கள்.