பொதுக் கணிப்பொறியில் மென்பொருள் நிறுவும் முறைகள்

ஒரே கணிப்பொறியைப் பலர் முறை வைத்து உபயோகிப்பது நம் பள்ளிகளிலும் மண்டல அலுவலகங்களிலும் சாதாரணமாகக் காணப்படும் நிலையாகும். காலையில் ஆசிரியர் ஒருவர் வினாத்தாள் தயாரிக்கிறார். நண்பகலில் எழுத்தர் வருகைக் கணக்கை அனுப்புகிறார். மாலையில் களப்பணியாளர் பயிர் விவரங்களைப் பதிகிறார். இவர்களுள் ஒருவருக்குப் புதிய மென்பொருள் தேவைப்படும்போது, அதை எவ்விடத்தில், எவர் பொறுப்பில் நிறுவுவது என்ற வினா எழுகின்றது. இதற்குக் கூறும் விடையைப் பொறுத்தே அக்கணிப்பொறி பிறர் அனைவருக்கும் பயன்படுவதும் பழுதுபடுவதும் அமையும்.

பலர் ஒரு கணிப்பொறியைப் பங்கிட்டுக்கொள்வது புதிய ஏற்பாடன்று. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1961-ஆம் ஆண்டில் ஒரே யந்திரத்தைப் பலர் ஒரே சமயத்தில் உபயோகிக்கும் முறையைச் செய்து காட்டியது. ஒருவருடைய கோப்பு மற்றவர் கையில் அகப்படாதிருக்க, ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கும் கடவுச்சொல்லும் அங்கே வழங்கப்பட்டன. 1969-இல் தோன்றிய யூனிக்ஸ் இயக்க முறையும் இவ்வழியிலேயே வளர்ந்தது. இன்று நாம் கையாளும் லினக்ஸ், விண்டோஸ் ஆகிய இரண்டிலும் சாதாரணக் கணக்கு, நிர்வாகிக் கணக்கு என்ற பாகுபாடு உண்டு. மென்பொருளை நிறுவும் முறைகள் இப்பாகுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

மூன்று வழிகள்

முதலாவது, ஒருவர் தம் கணக்கிற்குள் மட்டும் நிறுவிக்கொள்வது. இதற்கு நிர்வாகியின் அனுமதி பெரும்பாலும் தேவையில்லை. கோப்புகள் அவருடைய சொந்த அறையில் தங்கும். லினக்ஸில் இது 'ஹோம்' என்னும் அடைவில் அவர் பெயரிலுள்ள பகுதியாகும்; விண்டோஸில் 'ஆப்டேட்டா' என்னும் அடைவாகும். வேலை உடனே நடக்கும். பிறருக்கு இடையூறு குறைவு. ஆனால் பத்துப் பேர் பத்துக் கணக்குகளில் நிறுவினால், ஒரே மென்பொருளின் பத்துப் பிரதிகள் வட்டில் இடம் பிடிக்கும். அவற்றைப் பத்து முறை புதுப்பிக்கவும் வேண்டும்.

இரண்டாவது, கணிப்பொறி முழுமைக்கும் பொதுவாக நிறுவுவது. இதனை நிர்வாகி மட்டுமே செய்ய இயலும். ஒரே பிரதி அனைவருக்கும் பயன்படும். ஒருமுறை புதுப்பித்தால் போதும். லினக்ஸில் இயக்க முறையோடு வரும் மென்பொருள்கள் 'யூஎஸ்ஆர்' என்னும் அடைவிலும், நிர்வாகி தாமே தனியாகச் சேர்ப்பவை அதனுள் 'லோக்கல்' என்னும் உட்பிரிவிலும் வைக்கப்படுவது மரபு. இவ்வாறு பிரித்து வைப்பதால், இயக்க முறையைப் புதுப்பிக்கும்போது நாம் சேர்த்தவை அழிவதில்லை.

மூன்றாவது, வலையமைப்பின் நடுவிலுள்ள மையக் கணிப்பொறியில் நிறுவி, மற்றவை அதனைக் கொண்டு இயங்கச் செய்வது. நாற்பது கணிப்பொறிகள் உள்ள கூடத்திலும் நிர்வாகிக்கு வேலை ஓரிடத்தில்தான். பழைய, வலுக்குறைந்த கணிப்பொறிகளும் இதனால் மறுவாழ்வு பெறும்; ஏனெனில் கணக்கிடும் வேலையை மையமே செய்து, திரையில் தோன்ற வேண்டியதை மட்டும் அவற்றிற்கு அனுப்ப முடியும். எனினும் மையம் நின்றாலோ, கம்பி அறுந்தாலோ, கூடம் முழுவதும் நிற்கும். மின்சாரம் அடிக்கடி தடைப்படும் ஊர்களில் இதனை மறத்தல் ஆகாது.

கிணறும் மதகும்

திருப்பதி மாவட்டத்துப் பிச்சாட்டூரில் வாழ்வோர்க்கு இவ்வேறுபாட்டை விளக்குவது எளிது. அங்கே ஆரணியாற்றின் குறுக்கே அணை அமைந்துள்ளது. தன் நிலத்தில் கிணறு வைத்திருக்கும் உழவர், தாம் விரும்பிய வேளையில் நீர் இறைத்துக்கொள்ளலாம். அது தனிக் கணக்கில் நிறுவும் முறையைப் போன்றது. அணையின் மதகு அத்தகையதன்று. அதனைத் திறந்தால் நீர் எல்லை கடந்து தமிழ்நாட்டின் ஊத்துக்கோட்டைக்கும் அப்பால் செல்லும். ஆகவே மதகின் திறவுகோல் பொறுப்புள்ளவர் கையிலேயே இருக்கின்றது. ஏரிப் பாசனமுள்ள ஊர்களில் நீர்க்கட்டி என்பாரை வைத்து மடையைக் கவனித்துக்கொண்டதும் இதன் பொருட்டே. நிர்வாகிக் கடவுச்சொல்லும் மதகின் திறவுகோலே. அதனை அனைவருக்கும் சொல்லிவைப்பது சௌகரியமாகத் தோன்றலாம். ஆனால் ஒருவர் தவறுதலாக நிறுவும் தீய மென்பொருளின் விளைவு அனைவரையும் சாரும். வேலைக்கு வேண்டிய அளவு அதிகாரம் மட்டுமே ஒருவருக்கு அளிக்கப்பட வேண்டும் என்ற கொள்கையை சால்ட்சர், ஷ்ரோடர் என்னும் விஞ்ஞானிகள் 1975-இல் தெளிவாக வகுத்துரைத்தனர்.

2017 தந்த பாடம்

நிறுவுதல் ஒரு நாள் வேலை. புதுப்பித்தல் ஆண்டு முழுவதும் தொடரும் வேலை. இதனை உலகம் 2017 மே 12 அன்று உணர்ந்தது. 'வானாக்ரை' என்னும் தீநிரல் விண்டோஸ் கணிப்பொறிகளில் இருந்த ஒரு குறையின் வழியே நுழைந்து, கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்டது. வலையமைப்பில் ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றிற்கு அது தானாகவே தாவிற்று. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் பல நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. ஆந்திரப் பிரதேசத்தில் சித்தூர் உள்ளிட்ட சில மாவட்டங்களில் காவல் துறையின் கணிப்பொறிகளும் பாதிக்கப்பட்டதாகப் பத்திரிகைகள் அப்போது தெரிவித்தன.

கவனிக்கத் தக்கது யாதெனில், ஆதரவிலிருந்த விண்டோஸ் பதிப்புகளுக்கு அக்குறையை நீக்கும் திருத்தம் மார்ச் 14 அன்றே வெளியாகியிருந்தது. இடையில் 59 நாட்கள் இருந்தன. திருத்தத்தை உரிய காலத்தில் ஏற்ற கணிப்பொறிகள் அக்குறையின் வழியே தாக்கப்படாமல் தப்பின. ஆகவே ஒரு முறையைத் தேர்ந்தெடுக்கும்போது, "இன்று எளிதாக நிறுவலாமா?" என்பதினும், "நாளை இதனைப் புதுப்பிப்பவர் யார்?" என்று கேட்பதே முக்கியமாகும்.

எழுத்துரு என்னும் சிறு சோதனை

தமிழும் தெலுங்கும் வழங்கும் எல்லைப் பகுதி அலுவலகங்களில் இவ்வேறுபாட்டை எழுத்துருவைக் கொண்டே சோதித்தறியலாம். 2018-க்குப் பின் வந்த விண்டோஸ் பதிப்புகளில், எழுத்துருவை வழக்கம்போல் நிறுவினால் அது நிறுவியவருடைய கணக்கிற்கு மட்டுமே சேரும். ஆசிரியர் தம் கணக்கில் அழகாக அமைத்த தமிழ் வினாத்தாளை, அதே கணிப்பொறியில் வேறொருவர் தம் கணக்கில் திறந்தால் எழுத்தும் வரியமைப்பும் மாறிக் காணப்படலாம். பழைய, ஒருங்குறி அல்லாத எழுத்துருவாயின் ஒரு சொல்லும் விளங்காது. நிர்வாகியின் அனுமதியுடன் 'அனைவருக்கும் நிறுவுக' என்ற தேர்வைக் கொண்டு நிறுவினால் இத்தொல்லை தீரும்.

தேர்வு செய்யும் விதம்

முடிவெடுக்குமுன் நான்கு வினாக்களுக்கு விடை காண்பது நலம்.

முதலில், எத்தனை பேருக்கு இது வேண்டும்? ஒருவர் சில நாட்கள் சோதித்துப் பார்ப்பதற்காயின் தனிக் கணக்கே போதும். வகுப்பு முழுவதற்குமாயின் பொதுவாக நிறுவுவதே சிக்கனம்.

இரண்டாவதாக, உரிமம் என்ன கூறுகிறது? விலைக்கு வாங்கிய மென்பொருளை எத்தனை கணிப்பொறிகளில் வைக்கலாம் என்பதற்கு வரையறை உண்டு. கட்டற்ற மென்பொருளுக்கு அத்தகைய எண்ணிக்கைத் தடை இல்லை. கேரள மாநிலப் பள்ளிகள் லினக்ஸ் அடிப்படையிலான பொதுத் தொகுப்பினைக் கையாள இஃது உதவியது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் இந்திய மொழிகளுக்கெனப் 'பாஸ்' என்னும் லினக்ஸ் தொகுப்பை உருவாக்கியதும் இங்கே நினைக்கத் தக்கது.

மூன்றாவதாக, வலையமைப்பும் மின்சாரமும் நம்பத் தக்கனவா? அல்லவெனில், மையக் கணிப்பொறியை மட்டும் சார்ந்திராமல், அன்றாடம் தேவைப்படுவனவற்றை ஒவ்வொரு கணிப்பொறியிலும் வைத்திருக்க வேண்டும்.

நான்காவதாக, பொறுப்பாளர் யார்? பொறுப்பாளர் இல்லாத இடத்தில் எம்முறையும் நெடுநாள் பயன் தராது.

இவற்றோடு ஒரு சாதாரணக் குறிப்பேடும் அவசியம். எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எந்த நாளில், எவரால், எக்கணிப்பொறியில், எம்முறையில் நிறுவப்பட்டது என்று அதில் எழுதி வர வேண்டும். பணியாளர் மாற்றலாகிச் சென்றாலும் புதிதாய் வருபவர் அதனைப் பார்த்துப் பணியைத் தொடரலாம். கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுதலாகாது. அதனை உறையிலிட்டு முத்திரை வைத்துத் தலைமையாசிரியரிடமோ அலுவலகத் தலைவரிடமோ ஒப்படைப்பது தக்கது.