சர்க்கரையை விட்ட புரதம்

திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள கழனிகளிலும் மல்லாட்டைக் கொல்லைகளிலும் எலி பெருகினால், அதைத் தேடிக் கண்ணாடி விரியனும் வரும். அது கடித்து ஆஸ்பத்திரிக்கு வருபவருக்குச் செய்யும் முக்கியமான சோதனைக்கு இயந்திரமே வேண்டாம். சிறிது ரத்தத்தை உலர்ந்த புதுக் கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, ஒருமுறை சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விஷமுறிவு மருந்தை ஏற்றியாக வேண்டும்.

அந்த ரத்தம் உறையாமல் போவதில் லெக்டின் என்ற புரதக் குடும்பத்துக்குப் பங்குண்டு. சர்க்கரையைப் பற்றுவதுதான் லெக்டின்களின் வேலை. நம் செல்களின் மேற்பரப்பில் சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. விரியன் இனப் பாம்புகள் சிலவற்றின் லெக்டின், கால்சியத்தின் துணையோடு அவற்றிலுள்ள காலக்டோஸைப் பிடிக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட பிடிகள் இருப்பதால் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று கோத்துத் திரளச் செய்துவிடும்.

இதைவிட என்னை வியக்க வைப்பது, சர்க்கரையைக் கைவிட்ட கிளைதான். பரிணாமத்தில் இவற்றின் பிடிவளையம் இடம் மாறி, துணைப் புரதத்தோடு பின்னிக்கொண்டது. ஜப்பானின் ஹாபு பாம்பு விஷத்தில் இந்தப் பின்னலின் வடிவம் 1997-இல் தெளிவானது. சர்க்கரைக்குப் பதில் இவை ரத்தப் புரதங்களைப் பற்றுகின்றன. சுருட்டை விரியனின் எக்கிசெட்டின், தட்டணுக்களின் மேலுள்ள ஓர் ஏற்பியைப் பிடித்துக்கொள்கிறது.

கண்ணாடி விரியனிடம் உள்ளது இன்னும் நுட்பமானது. அதன் நொதி ஒன்றில் மூன்று சங்கிலிகள். கனமான சங்கிலி, வெட்டும் கத்தி. மற்ற இரண்டும் லெக்டின் குடும்பத்தவை. ரத்தம் உறைய உதவும் பத்தாம் காரணியை அடையாளம் கண்டு பிடித்துக்கொடுப்பவை. வெட்டுப்பட்ட காரணி முடுக்கம் பெற்று உறைதலைத் தொடங்கி வைக்கும். உடலெங்கும் இப்படி வீணாக நடந்து காரணிகள் தீர்ந்துபோக, எஞ்சிய ரத்தம் தண்ணீராக ஓடும். கடிவாயைப் பிளேடால் கீறுவது எவ்வளவு ஆபத்தானது என்பது இதிலிருந்தே புரியும்.

இதே விஷத்தை ஹீமோஃபிலியா நோயாளிகளின் ரத்தக்கசிவை நிறுத்த 1934-இல் லண்டனில் மேற்பூச்சாகப் பயன்படுத்தினார்கள். ரத்தம் தேவையின்றி உறையும் ஒரு கோளாறைக் கண்டறியும் சோதனையிலும் இன்று அது உதவுகிறது. விஷமுறிவு மருந்துக்கான விஷத்தை, 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் எடுத்துத் தருகிறது.

மருந்து ஏறியதும் கத்தி முடங்கும். ஆனால் தீர்ந்த காரணிகளைக் கல்லீரல்தான் புதிதாகச் செய்ய வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும் என்பதால் கண்ணாடிக் குழாய்ச் சோதனையை ஆறு மணி நேரம் கழித்து மறுபடியும் செய்கிறார்கள்.