கூரையில் ஒரு முற்றம்

தஞ்சையிலும் நெல்லையிலும் பழைய வீடுகள் பலவற்றின் நடுவே முற்றம் ஒன்று உண்டு. வெயிலும் மழையும் அதன் வழியே வீட்டினுள் வரும். ஆயினும் மழைநீர் கூடத்தில் ஏறுவதில்லை. முற்றத்தின் மூலையிலுள்ள ஜலதாரை அதை வெளியேற்றிவிடும். தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நமக்கு முற்றம் ஏது? ஆனால் இந்நாளில் நம்மில் சிலர் வாங்கும் மோட்டார் காரின் கூரையில் அது மீண்டும் தோன்றியிருக்கிறது.

இதற்குப் பெயர்கள் இரண்டு. ஆதியில் சன்ரூஃப் என்றது, ஒளி புகாத தகட்டை விலக்கித் திறக்கும் கூரையை. அமெரிக்காவில் 1937-இல் நாஷ் கார்களில் அது வந்தது. மூன்ரூஃப் என்பது கண்ணாடியால் ஆனது. மூடியிருக்கும்போதும் வானம் தெரியும். 1970-களில் ஃபோர்டு கம்பெனி தன் லிங்கன் கார்களின் வாயிலாக அப்பெயரைப் பரப்பியது. இன்று நம் நாட்டில் இரண்டையும் சன்ரூஃப் என்றே வழங்குகிறோம்.

கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை நீர் முழுவதையும் தடுத்துவிடும் என்று நாம் எண்ணுகிறோம். அப்படியன்று. பட்டையைக் கடந்து கசியும் நீரை ஏந்துவதற்கு உள்ளே சிறு வாய்க்கால் ஒன்று சுற்றி ஓடுகிறது. அதன் மூலைகளிலிருந்து மெல்லிய குழாய்கள் கூரையைத் தாங்கும் தூண்களினுள் இறங்கி, நீரை வண்டிக்குக் கீழே விடுகின்றன. காரின் ஜலதாரை இதுவே.

மும்பை மழை எளியதன்று. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தது. மரத்தடியில் நிறுத்திய காரில் இலைத்துணுக்கும் புழுதியும் குழாயை அடைத்துக்கொண்டால், சாதாரண மழைநீரும் இருக்கையில் சொட்டும். ஆகையால் ஜூன் மாதத்துக்கு முன்பே வாய்க்காலைத் துடைத்து, மூலையில் சிறிது நீர் ஊற்றி, அது கீழே வடிகிறதா என்று பார்ப்பது நலம். வடியாவிடில் கம்பியால் குத்தலாகாது, குழாய் கிழியக்கூடும். மெக்கானிக்கிடம் காட்டுவதே தக்கது.

இனி, பணத்தினும் பெரிய செய்தி ஒன்று. ஓடும் காரின் கூரை வழியே குழந்தை தலையை நீட்டிச் சிரிப்பதைக் கண்டு நாமும் மகிழ்கிறோம். பிரேக் போட்டால் வண்டி நிற்கும். நின்றுகொண்டிருக்கும் குழந்தையோ அதே வேகத்தில் முன்னே வீசப்படும். வண்டியின் உடலுக்கு வெளியே எவரையும் ஏற்றிச் செல்லலாகாது என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் விதி.

முற்றத்து மழையை நம் வீட்டுக் குழந்தைகள் கூடத்தில் அமர்ந்தே கண்டு களித்தனர். காரிலும் அவ்வாறே, பெல்ட் அணிந்து அமர்ந்தபடி அவர்கள் வானத்தைப் பார்க்கட்டும்.