14,000 பேரில் ஒருவருக்கு வரும் ஆபத்து: மருத்துவர் சொல்ல வேண்டுமா?

உங்களுக்கு ஓர் அறுவை சிகிச்சை நடக்கப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 14,000 பேரில் ஒருவருக்கு மட்டுமே வரக்கூடிய ஆபத்து ஒன்று உண்டு. அதை மருத்துவர் உங்களிடம் சொல்ல வேண்டுமா?

ஆஸ்திரேலியாவில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போனது. சிறு வயதில் அடிபட்டு வலது கண்ணின் பார்வையைப் பெரும்பாலும் இழந்த ஒரு பெண், 1984இல் அந்தக் கண்ணில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். என்னென்ன சிக்கல் வரலாம் என்று அதற்கு முன்பே மருத்துவரிடம் பலமுறை கேட்டார். நல்ல கண்ணுக்கு எதுவும் ஆகிவிடக்கூடாது என்பதே அவர் கவலை. ஆனால், சிகிச்சைக்குப் பிறகு அந்த நல்ல கண்ணும் பார்வை இழந்தது.

எப்படி? கண்ணுக்குள் இருக்கும் சில புரதங்களை நம் நோய் எதிர்ப்பு மண்டலம் வழக்கமாகச் சந்திப்பதில்லை. காயத்தாலோ அறுவை சிகிச்சையாலோ அவை வெளிப்பட்டால், அந்நியப் பொருள் என்று எண்ணி அது தாக்கக்கூடும். அதே புரதங்கள் மறு கண்ணிலும் இருப்பதால் அதுவும் பாதிக்கப்படுகிறது.

மருத்துவர் அறுவை சிகிச்சையைத் திறமையாகவே செய்திருந்தார். ஆனாலும், அந்த ஆபத்தைச் சொல்லாதது தவறு என்று 1992இல் ஆஸ்திரேலிய உச்ச நிலை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் பெண்ணுக்கு 800,000 ஆஸ்திரேலிய வெள்ளிக்கு மேல் இழப்பீடு கிடைத்தது. ஆபத்து எவ்வளவு அரிது என்று மட்டும் பார்த்தால் போதாது. அந்த நோயாளிக்கு அது எவ்வளவு முக்கியம் என்றும் பார்க்க வேண்டும். ஒரே கண்ணை நம்பி வாழ்பவருக்கு 14,000இல் ஒன்று சிறிய எண் அல்ல.

மலேசியாவின் கூட்டரசு நீதிமன்றமும் 2006இல் இந்த அணுகுமுறையை ஏற்றது. சிங்கப்பூரில் மருத்துவ ஆலோசனை பற்றிய சட்டம் 2020இல் திருத்தப்பட்டது. நோயாளி முடிவெடுக்கத் தேவையான முக்கியத் தகவல்கள் தரப்பட்டனவா என்பது அங்கும் கவனிக்கப்படுகிறது.

அதனால்தான் வருங்கால அறுவை மருத்துவர்கள் கத்தியைக் கையாள்வதோடு வேறு சிலவற்றையும் கற்க வேண்டியிருக்கிறது. நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கி ஒப்புதல் பெறுவது, பேசியதை உடனே பதிவு செய்வது, வழக்கு வந்தால் கைகொடுக்கும் காப்புறுதி ஆகியவை அவற்றுள் சில. கட்டணமும் அப்படித்தான். மலேசியத் தனியார் மருத்துவமனைகளில் மருத்துவர் வாங்கும் கட்டணத்துக்குச் சட்டமே உச்சவரம்பு வைத்துள்ளது. சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சு 2018 முதல் கட்டண அளவுகோல்களை வெளியிட்டு வருகிறது. இவை தெரியாத மருத்துவர், நல்ல சிகிச்சை செய்தும் சிக்கலில் மாட்டலாம்.

உங்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அடுத்த முறை தாத்தா பாட்டியோடு மருத்துவமனைக்குப் போகும்போது, ஒப்புதல் படிவத்தில் அவர்கள் கையெழுத்திடும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இதில் என்ன ஆபத்து? வேறு வழி உண்டா? செய்யாவிட்டால் என்ன ஆகும்? பதில் புரியாவிட்டால், புரியும்வரை கேட்கலாம். வெறும் கையெழுத்து ஒப்புதல் ஆகாது. புரிந்துகொண்டு சம்மதிப்பதே ஒப்புதல்.